80 எழுத்து டிஎன்ஏ ஆர்டர் பண்ணேன், ஹெச்பிஎல்சி சுத்திகரிப்பு இல்லாம வாங்கிடாதீங்க

சேலத்துல கருப்பூர் பக்கம் எங்க லேப். கேட்கற சீக்வென்ஸ்ல (எழுத்து வரிசைல) டிஎன்ஏ செஞ்சு அனுப்பற ஒரு கம்பெனில ரெண்டு தடவை வாங்கியாச்சு, அந்த அனுபவம்தான் இது, நம்ம ஊர்ல ஆப்டமர் (குறிப்பிட்ட ஒரு மூலக்கூறைப் போய்ப் புடிக்கற டிஎன்ஏ இழை) வேலை பண்றவங்க கண்டிப்பா படிங்க.

நான் பாக்கறது பிடி-எல்1 புரோட்டீன். கேன்சர் செல் இத வெளிய நீட்டித்தான் நோய் எதிர்ப்பு பண்ற டி-செல்ல அடக்கி வைக்குது. அந்தப் புரோட்டீன் மேல சர்க்கரைச் சங்கிலி அப்பிக்கிட்டு இருக்கும், அந்தச் சர்க்கரையோட சேத்துப் புடிக்கற டிஎன்ஏ வேணும். ஆனா அந்தச் சங்கிலி நுனில இருக்கற சியாலிக் ஆசிட்டும் நெகட்டிவ், டிஎன்ஏவும் நெகட்டிவ், ஒண்ணை ஒண்ணு தள்ளும், அதனால கெடைக்கற சிக்னலே கொஞ்சம்தான், சரக்குல கலப்படம் இருந்தா மொத்தமும் போச்சு.

மொத தடவை காசு மிச்சம் பண்ணலாம்னு உப்பு மட்டும் நீக்கினதை வாங்கினேன், அங்கதான் தப்பு. ஒவ்வொரு எழுத்தா கோக்கறப்ப ஒரு தடவைக்கு 99 சதவீதம் சரியா ஒட்டுச்சுன்னு வச்சாக்கூட 80 எழுத்து முடியறப்ப முழு நீளம் வந்தது 100க்கு 45தான், மீதி எல்லாம் அரைகுறைத் துண்டு. டிஎன்ஏ அளவை 260 நானோமீட்டர் ஒளில அளந்தா துண்டும் சேந்துதான் கணக்குல வரும், நான் 1 மைக்ரோமோலார்னு நம்பிப் போட்டதுல நெசமான ஆப்டமர் பாதிகூட இல்ல. மூணு வாரம் ஃப்ளோ சைட்டோமெட்ரி (ஒளிரும் சாயத்தை வச்சு சிக்னல் அளக்கற மெஷின்) முன்னாடி உக்காந்து சீக்வென்ஸையே சந்தேகப்பட்டேன்.

ரெண்டாவது ஹெச்பிஎல்சி பண்ணது, வெல அதிகம்தான், ஆனா எடையை வச்சு சரக்கை உறுதி பண்ற மாஸ் ஸ்பெக் ரிப்போர்ட்டோட வந்துச்சு, ட்யூப் அடியில ஃபாம்ங்கற ஒளிரும் சாயத்தோட மஞ்சளா ஒரு பொட்டு. டிஎன்ஏ சரியா மடியறதுக்காக மெக்னீசியம் பஃபர்ல 95 டிகிரிக்கு சூடு பண்ணி மெதுவா ஆறவிட்டுப் போட்டேன். சர்க்கரை உள்ள புரோட்டீனுக்கும், என்சைம் வச்சு சர்க்கரையை வெட்டி எடுத்ததுக்கும் வித்தியாசம் பளிச்சுனு தெரிஞ்சது, அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டலுக்குப் போகவே மனசு வரல.

சர்வீஸ்ல பேசறவங்க நல்லா பேசறாங்க, ஃபோன் எடுக்கறாங்க, கேட்ட டேட்டாவ மறுநாளே அனுப்பிட்டாங்க. பேக்கிங்தான் ரெண்டு தடவையும் மோசம். ஃபாம் வெளிச்சம் பட்டா மங்கிடும், ஆனா கண்ணாடி மாதிரி ட்யூப்ல ஃபாயில் கூட சுத்தாம அனுப்பிருக்காங்க. காஞ்ச பவுடர்ங்கறதால ஏப்ரல் வெயில்ல கூரியர்ல வந்தாலும் டிஎன்ஏவுக்கு ஒண்ணும் ஆகாது, வெளிச்சம்தான் பிரச்சனை. பார்சல் வந்ததும் மூடியத் திறக்காம சென்ட்ரிஃப்யூஜ்ல ஒரு நிமிஷம் சுத்திடுங்க, எனக்கு பவுடர் பாதி மூடிலதான் ஒட்டியிருந்துச்சு.