கேனான் 1500டி, நிக்கான் டி3500: எந்த சென்சார் நமக்கு?

இரண்டு கேமராக்களும் 24 மெகாபிக்சல்தான். அதை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒளியைப் படமாக மாற்றும் சென்சாரின் அளவைப் பாருங்கள். கேனான் 22.3 × 14.9 மி.மீ., நிக்கான் 23.5 × 15.6 மி.மீ. பரப்பில் நிக்கான் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அதிகம்.

ஆனால் உண்மையான வித்தியாசம் நிழலில்தான். வெளியே நெல்லை வெயில், உள்ளே இருண்ட கல்மண்டபம். வானம் வெளுக்காமல் RAW (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) முறையில் எடுத்து, பிறகு நிழலை வெளிச்சமாக்கினால் கேனானில் புள்ளிகள் சீக்கிரமே கிளம்பும். நிக்கான் நன்றாகத் தாங்குகிறது. கல்யாண வீடு, கொடை விழா எடுப்பவர்களுக்கு நிக்கானே என் தேர்வு.

பத்தமடைப் பாய், பட்டுச்சேலை விற்பனைக்குப் படமெடுப்பவர்கள் மட்டும் கவனம். டி3500-இல் லோ-பாஸ் ஃபில்டர் (நுண்ணிய விவரத்தைச் சற்றே மழுக்கும் சென்சார் மேலடுக்கு) கிடையாது. விவரம் கூர்மையாக வரும். ஆனால் நெருக்கமான நெசவில் இல்லாத வண்ண அலைகள் தோன்றலாம். கேமராவைச் சற்றே சாய்த்தோ, ஓரடி தள்ளியோ மறுபடி எடுங்கள். கேனானில் இந்தத் தொல்லை குறைவு.

கூந்தன்குளம் பறவைகளுக்கு 300 மி.மீ. லென்ஸ், 35 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்கில், கேனானில் 480 மி.மீ. போலவும் நிக்கானில் 450 மி.மீ. போலவும் நெருங்கும். பெரிய வித்தியாசமில்லை.

இரண்டிலுமே சென்சார் தானாகத் தூசி தட்டாது. பணகுடிக் காற்றில் லென்ஸ் மாற்றாதீர்கள். எஃப்/16 (லென்ஸின் சிறிய துவாரம்) வைத்து வெறும் வானத்தை எடுத்தால் தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படியும்.