சிங்கப்பூர் இரவு: கிளார்க் கீயா, கம்போங் கிளாமா, கேலாங்கா, தேக்காவா?

சிங்கப்பூர் வருகிறவர்கள் "ராத்திரி எங்கே போகலாம்?" என்று கேட்டால், பெரும்பாலும் கிளார்க் கீயைத்தான் கைகாட்டுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கையில் பத்து வெள்ளியோடு (சிங்கப்பூர் டாலர்) வருகிறவர் அங்கே எவ்வளவு நேரம் நிம்மதியாக இருக்க முடியும்? ஓர் இடத்தின் இரவை இந்தக் கேள்வியை வைத்தே மதிப்பிடுகிறேன்.

ஆட்டமும் பாட்டும்தான் வேண்டும் என்றால் கிளார்க் கீக்குப் போட்டியே கிடையாது. ஆற்றோரத்துப் பழைய கிடங்குகள் வண்ணம் பூசிக்கொண்டு மதுக்கூடங்களாகிவிட்டன. 1991-இல் ஜியாக் கிம் தெருவில் தொடங்கிய சூக் நடன விடுதி 2016-இல் இங்கேதான் குடிவந்தது. ஆனால் இங்கே ஒரு கிளாஸ் பியருக்குக் கொடுக்கிற காசில், லிட்டில் இந்தியா என்றும் அழைக்கப்படும் தேக்காவில் இரண்டு பேர் பிரியாணி சாப்பிட்டுவிடலாம். சும்மா உட்கார ரீட் பாலம் இருக்கிறது; ஆற்றுக்காற்றுக்குக் கட்டணமில்லை. சற்றுத் தள்ளியிருக்கும் போட் கீ எனக்கு இன்னும் பிடிக்கும். 1983-இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்படும்வரை அதுதான் துறைமுக நகரின் இதயம். அதன் பின்புறம் மார்க்கெட் தெருவில்தான் செட்டியார்களின் கிட்டங்கிகள் (வட்டித்தொழில் நடத்திய கூடங்கள்) இருந்தன.

கம்போங் கிளாமுக்குக் குடும்பத்தோடு போகலாம். ஹாஜி லேனின் குறுகிய சந்தில் பாட்டுக்காரர்கள் வாசிப்பார்கள். விளக்கொளியில் சுல்தான் பள்ளிவாசலின் பொற்குவிமாடம் தெரியும். 1932-இல் கட்டி முடித்த அந்தக் குவிமாடத்தின் அடியில் கறுப்பு வளையம்போல ஒன்று ஓடுகிறது. உற்றுப் பாருங்கள், அவை கண்ணாடிப் போத்தல்களின் அடிப்பாகங்கள். பணம் தர இயலாத ஏழைகளும் பள்ளிவாசலுக்கு ஏதேனும் தர வேண்டும் என்பதற்காகச் சேகரித்தவை. எதிரே 1908 முதல் நடக்கும் ஜம்ஜம் கடையில் ஆட்டிறைச்சி முர்தபாக் (இறைச்சி பொதிந்த புரோட்டா) தின்று, தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்துவிட்டு நடந்தால் மாலை நிறைவாக இருக்கும். ஆனால் அது மாலைதான். பதினொரு மணிக்கு மேல் அங்கே பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

கேலாங்குக்கு அப்போதுதான் பசி எடுக்கும். தவளைக் கஞ்சி, மாட்டிறைச்சி ஹோர்ஃபன் (அகலமான அரிசி நூடுல்ஸ்), டுரியான் எல்லாம் நள்ளிரவிலும் பரபரப்பாக விற்கும். சிம்ஸ் அவென்யூவில் டுரியான் கடைக்காரர் பழத்தைக் காதருகே வைத்துக் குலுக்கி, முகர்ந்து, கத்தியைத் தையலில் நுழைத்துப் பிளந்து, சுளையை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்வார். பிடிக்காவிட்டால் அடுத்த பழத்தை எடுப்பார். அங்கேயே தின்றுவிடுங்கள், ரயிலில் டுரியானுக்கு இடமில்லை. சில லோரோங்குகளில் (சந்துகளில்) உரிமம் பெற்ற பாலியல் விடுதிகள் இருக்கின்றன. பிள்ளைகளோடு வருகிறவர்கள் பெரிய சாலைகளோடு நின்றுகொள்வது நல்லது. சாப்பாட்டை மட்டும் பார்த்தால் நான்கில் முதலிடம் கேலாங்குக்கே.

ஆனாலும் என் ஓட்டு தேக்காவுக்கு, அதுவும் ஞாயிற்றுக்கிழமைத் தேக்காவுக்கு. வாரம் முழுவதும் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைத்தவர்கள் அன்று மாலை சிராங்கூன் சாலையை நிரப்பிவிடுகிறார்கள். மன்னார்குடிக்காரர் அறந்தாங்கிக்காரரைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். நடைபாதை விளிம்பில் செய்தித்தாளை விரித்து, நடுவில் புரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து நாலுபேர் சாப்பிடுகிறார்கள். ஒருவர் சற்று விலகி நின்று வீடியோ அழைப்பில் மகளிடம் மதிப்பெண் கேட்கிறார். லெம்பு சாலைப் பக்கம் போனால் இதே காட்சி வங்காள மொழியில் நடக்கும். முஸ்தபா பேரங்காடி முன்புபோல 24 மணி நேரமும் திறந்திருப்பதில்லை; ஆனாலும் அதிகாலை 2 மணி வரை ஊருக்குப் போகிறவர்கள் அங்கே தைலமும் சாக்லேட்டும் பெட்டியும் வாங்குகிறார்கள்.

2013 டிசம்பர் 8 அன்று தமிழகத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்ததை அடுத்து இங்கே கலவரம் மூண்டது. அதன் பின்னர் வந்த 2015 சட்டப்படி நாடு முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதிக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. கிளார்க் கீயின் மதுக்கூடத்துக்குள் அமர்ந்து குடிக்க வசதியுள்ளவரை இந்தச் சட்டம் அவ்வளவாகத் தொடுவதில்லை. புல்தரையில் ஒரு டின்னோடு உட்காரக்கூடியவர்மேல்தான் அதன் பாரம் விழுகிறது. இந்த வேறுபாடு என்னை உறுத்துகிறது. அப்படியிருந்தும் அந்தக் கூட்டம் வருகிறது, தேநீரோடு பேசிக் களிக்கிறது.

கிளார்க் கீயிலிருந்து லிட்டில் இந்தியா ரயிலில் இரண்டே நிறுத்தம்; ஆகவே ஒரே இரவில் இரண்டையும் பார்த்துவிடலாம். ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். அதன்பின் டாக்ஸிக் கட்டணத்தில் காலை 6 மணி வரை பாதிக்குப் பாதி கூடுதல். கேலாங்குக்குக் கடைசியாகப் போகிறவர்கள் அந்தக் காசை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.