'பேச்சி' 'பேச்சு' ஆன கதை: எடிட்டிங் மென்பொருள் வாங்கப் போகும் எழுத்தாளர்களுக்கு

நாவலின் கடைசி வரைவைத் திருத்திக்கொண்டிருக்கும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். 6 வருடம் எழுதிய நாவலை ஒரு எடிட்டிங் மென்பொருளை நம்பிக் கொடுத்தேன். இப்போது 2 மாதமாக அதை மீட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே மாதிரி சேவை நாளைக்கு வேறு பெயரில் வரும். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் நாவல் 42 அத்தியாயம், கிட்டத்தட்ட 90,000 சொற்கள். பதிப்பகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. ஒற்றுப்பிழை எனக்கு எப்போதும் பலவீனம். 'அந்தப் பையன்' என்று இருக்க வேண்டியதை 'அந்த பையன்' என்று எழுதிவிட்டு நான்கு முறை படித்தாலும் என் கண்ணில் படாது. அந்த நேரத்தில்தான் விளம்பரம் வந்தது: சந்தி, எழுத்துப்பிழை, நடை எல்லாவற்றையும் சேர்த்துச் சரிசெய்யும், நாவலுக்கென்றே செய்தது என்று.

சோதனைக்கு 1,000 சொல் வரை இலவசம். முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தைக் கொடுத்தேன். வெறும் வர்ணனை, உரையாடலே கிடையாது. அற்புதமாகத் திருத்தியது. 'எழுதி கொடுத்தான்' என்று இருந்ததை 'எழுதிக் கொடுத்தான்' ஆக்கியது, ஒரு ளகர லகரக் குழப்பத்தைக் கண்டுபிடித்தது. அன்றே ஆண்டுச் சந்தா கட்டினேன். நான் கொடுத்திருக்க வேண்டியது நாவலிலேயே கடினமான பக்கம். நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் பக்கம், வட்டார வழக்கு நிறைந்த பக்கம். அதைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

முழு நாவலையும் ஏற்றியதும் 11,000 சொச்சம் திருத்தங்களைக் காட்டியது. முதல் 200 வரை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலும் சரியாக இருந்தன. மேலே 'அனைத்தையும் ஏற்கவும்' என்று ஒரு பொத்தான். அதன் பக்கத்திலேயே இன்னொரு சேவையும் இருந்தது. தனிக் கட்டணம் கட்டினால் தமிழ் மொழி வல்லுநர் ஒருவர் முழுப் பிரதியையும் வரிக்கு வரி படித்துச் சரிபார்ப்பாராம். மனிதர் ஒருவர் படிக்கப் போகிறார் என்ற தைரியத்தில்தான் அந்தப் பொத்தானை அழுத்தினேன். கட்டணத்தையும் கட்டினேன்.

2 மணி நேரத்தில் 'வல்லுநர் சரிபார்த்துவிட்டார்' என்று மின்னஞ்சல் வந்தது. அப்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது, கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. நிமிடத்துக்கு 200 சொல் என்று வைத்தாலும் 90,000 சொல்லை வெறுமனே படித்து முடிக்கவே ஏழரை மணி நேரம் ஆகும். திருத்துவது அதற்கு அப்புறம்.

5 வாரம் கழித்து, அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால், 9ஆம் அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்தேன். 'பேச்சு திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்' என்று வந்தது. என் நாவலின் மையப் பாத்திரத்தின் பெயர் பேச்சி. அந்தப் பெயர் அகராதியில் இல்லை என்று, நாவல் முழுக்க அவளைப் 'பேச்சு' ஆக்கியிருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்த பேச்சையாவது பார்த்தவுடன் பிடித்துவிடலாம். 'அவன் பேச்சியை மறந்துவிட்டான்' என்று நான் எழுதியது, 'அவன் பேச்சை மறந்துவிட்டான்' என்று இருந்தது. இலக்கணம் சரி, பொருளும் ஏதோ இருக்கிறது, எந்த மெய்ப்புத் திருத்துநரும் தாண்டிப் போய்விடுவார். 'பேச்சை' என்று தேடி எல்லாவற்றையும் 'பேச்சியை' என்று மாற்றவும் முடியாது. உண்மையாகவே பேச்சைப் பற்றிய வாக்கியங்களும் நாவலில் இருக்கின்றன. ஒவ்வொன்றாக நின்று படித்துத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

எந்தத் திறமையைப் பார்த்து வாங்கினேனோ அந்தச் சந்தியிலும் இதே கதைதான். ஒற்று மிகும் இடம், மிகாத இடம் என்பது தமிழில் பொருளோடு ஒட்டியது. 'வேலை கொடுத்தார்' என்றால் பணி தந்தார். 'வேலைக் கொடுத்தார்' என்றால் ஈட்டி மாதிரி இருக்கும் வேலைத் தந்தார். என் நாவலில் ஒரு முதலாளி பசியோடு வந்த பையனுக்கு வேலை கொடுக்கிறார். திருத்திய பிரதியில் வேலைக் கொடுத்தார். 'அப்பா தந்த பலகை' யானைத் தந்தத்தில் செய்த 'தந்தப் பலகை' ஆகிவிட்டது. உம்மைத்தொகையில், அதாவது 'செடியும் கொடியும்' என்பதில் 'உம்' மறைந்து வரும் தொடரில், ஒற்று மிகாது என்பதும் அதற்குத் தெரியவில்லை, 'செடிகொடி' எல்லா இடத்திலும் 'செடிக்கொடி'. இரண்டு சொல்லைப் பார்த்து நடுவில் ஒற்றைப் போடுகிறதே தவிர, வாக்கியம் என்ன சொல்கிறது என்று அது படிப்பதே இல்லை.

என்னை அதிகம் வருத்தியது இன்னொன்று. ஒரே சொல் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் தட்டச்சுப் பிழை என்று ஒன்றை நீக்கிவிடும் விதி அதில் இருந்திருக்கிறது. அடுக்குத்தொடர் இல்லாமல் தமிழில் எப்படிக் கதை சொல்வது? 'அழுது அழுது கண் வீங்கியிருந்தது' என்பது 'அழுது கண் வீங்கியிருந்தது' ஆனது. 'மெல்ல மெல்ல இருட்டியது' வெறும் 'மெல்ல இருட்டியது'. தீப்பிடிக்கும் காட்சியில் 'ஓடு ஓடு ஓடு' என்று கத்துகிறவன், திருத்திய பிரதியில் ஒரே ஒரு முறை 'ஓடு' என்று சொல்லிவிட்டு நிற்கிறான். பிழை இருந்தால் கண்ணில் படும். இல்லாமல் போன சொல் எப்படிக் கண்ணில் படும்?

வட்டார வழக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேச்சி தன் கணவரை 'அவுக' என்பாள். 'அவுக வந்ததும் கதவச் சாத்திருவேன்' என்று ஓர் இடம். அது 'அவர்கள் வந்ததும் கதவைச் சாத்திவிடுவேன்' ஆகிவிட்டது. கணவனுக்காகக் காத்திருக்கும் பெண், யாரோ நான்கு பேருக்குப் பயந்து கதவைச் சாத்துகிறவள் ஆகிவிட்டாள். எழுத்தை அறியாத கிழவியும், பள்ளிக்கூட வாத்தியாரும், 8 வயதுப் பையனும் ஒரே குரலில் செய்தி வாசிக்கிறார்கள். அந்தக் குரல்களைக் காதில் பிடிப்பதற்குத்தான் எனக்கு 6 வருடம் ஆனது.

சரி, பழைய பிரதியை எடுத்துக்கொள்ளலாம் என்று போனேன். நான் எடுத்த திட்டத்தில் முந்தைய வடிவங்கள் 30 நாள் மட்டும்தான் இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் போனது 37ஆம் நாள். பதிவிறக்கிய வேர்ட் கோப்பில் எந்த மாற்றமும் குறியிட்டுக் காட்டப்படவில்லை, சுத்தமான எழுத்தாகவே வந்திருந்தது. என் கணினியில் தனியாக எஞ்சியிருந்த பிரதி 8 மாதம் பழையது. அந்த 8 மாதத்தில் மாற்றி எழுதியதையெல்லாம் வேறொரே கோப்பில் சேமித்துவிட்டு, அந்தக் கோப்பின் மேலேயே திருத்திய பிரதியையும் இறக்கியிருந்தேன். இதில் என் தவறு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

நிறுவனத்துக்கு 9 மின்னஞ்சல் அனுப்பினேன். 6 பதில் தானியங்கி. வல்லுநர் படித்தது உண்மையென்றால் 'பேச்சு உட்கார்ந்திருந்தாள்' எப்படித் தாண்டியது, படித்தவர் எழுதிய குறிப்பு ஒன்றையாவது காட்டுங்கள் என்று கேட்டேன். 'எங்கள் வல்லுநர்கள் மேம்பட்ட கருவிகளின் துணையுடன் பணிபுரிகிறார்கள்' என்று பதில் வந்தது. பணத்தைத் திரும்பக் கேட்டதற்கு, ஏற்கும் பொத்தானை அழுத்தியது நீங்கள்தான் என்றார்கள். யாரும் படிக்கவில்லை என்றே நான் நம்புகிறேன். படிப்பார் என்று சொல்லிப் பணம் வாங்கியது ஏமாற்று வேலை, அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

விதிமுறைகளை அப்புறம்தான் முழுதாகப் படித்தேன். ஏற்றும் பிரதியைச் 'சேவையை மேம்படுத்த' அவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு. அமைப்புகளில் அது முன்கூட்டியே 'ஆம்' என்று தேர்வாகியிருந்தது. வெளிவராத நாவலை ஏற்றும் முன் அந்த ஒரு பிரிவையாவது தேடிப் படியுங்கள். சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் தேர்வும் அதே பக்கத்தில்தான் இருந்தது.

மீட்பு வேலை எப்படி நடக்கிறது என்றால், பழைய பிரதியையும் திருத்திய பிரதியையும் வேர்டில் உள்ள ஒப்பிடும் வசதியில் போட்டு, அத்தியாயம் அத்தியாயமாகப் பார்க்கிறேன். அதிலும் ஒரு சிக்கல். 'கௌரி' என்ற பெயரைத் தேடினால் பாதி இடங்களில் கிடைக்கவில்லை. ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்துப் போட்டு 'கெளரி' ஆக்கியிருக்கிறது. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், கணினிக்கு அது வேறு சொல். பெயரில் ஔகாரம் இருந்தால் இரண்டு வடிவத்தையும் தேடிப் பாருங்கள்.

திருத்தும் மென்பொருளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒற்றுப்பிழையைச் சுட்டிக்காட்ட இன்னொரு கருவியை இப்போதும் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு நகல்தான் போகும், அதுவும் ஒரு நேரத்தில் ஓர் அத்தியாயம். பாத்திரங்களின் பெயர்களையும் வட்டாரச் சொற்களையும் முதலிலேயே அதன் தனி அகராதியில் சேர்த்துவிடுகிறேன். அது சுட்டிக்காட்டுவதை என் கோப்பில் என் கையால் மாற்றுகிறேன். ஒவ்வொரு நாளும் தேதி போட்டுப் புதுக் கோப்பாகச் சேமிக்கிறேன், ஒரு பிரதி கணினிக்கு வெளியே இருக்கிறது.

31ஆம் அத்தியாயம் வரை வந்துவிட்டேன். பதிப்பகத்தில் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பிரதியை அந்த மென்பொருள் நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து அழிக்கச் சொல்லி அனுப்பிய கோரிக்கைக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. இப்படி ஒரு சேவையிடம் பிரதியை அழிக்கச் சொல்லி, அழித்துவிட்டோம் என்று எழுத்தில் உறுதி வாங்கியவர்கள் யாராவது இருந்தால், என்ன எழுதிக் கேட்டீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.