ஷட்டில் கோர்ட்டுக்கும் நீச்சல் குளத்துக்கும் போட்ட வைஃபை மீட்டர்: வாங்கலாமா?

காட்பாடியில் இண்டோர் கோர்ட் நடத்தும் நண்பர் கேட்டதால் எழுதுகிறேன். எந்த மணிக்கு எவ்வளவு கரண்ட் செலவானது என்று வைஃபை வழியாக கிராஃப் காட்டும் இந்த த்ரீ ஃபேஸ் மீட்டர் வேலூர் சத்துவாச்சாரியில் இரண்டு ஷட்டில் கோர்ட்டும் சின்ன நீச்சல் குளமும் உள்ள மையத்தில் ஓடுகிறது. விலை, ஸ்பெக் எல்லாம் நெட்டிலேயே இருக்கிறது.

முதலில் எரிச்சல். கரண்ட் போய் வந்தால் வைஃபை போச்சு. மீட்டர் சில நொடியில் உயிர் பெற்றுவிடும், ரூட்டர் தயாராக ஓரிரு நிமிடம் ஆகும். அதற்குள் நாலைந்து தடவை தேடிவிட்டு மீட்டர் செட்டப் மோடுக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். யாராவது பேனலைத் திறந்து பட்டனை அழுத்தும்வரை கிராஃப் காலி. மொத்த யூனிட் உள்ளே ஏறிக்கொண்டுதான் இருக்கும். எந்த மணிக்கு எவ்வளவு என்பது தொலைந்துவிடும். அதைப் பார்க்கத்தானே இதை வாங்குவது! பராமரிப்புக்கென்று மாதம் ஒருநாள் கரண்டை நிறுத்துகிற ஊரில் இது மன்னிக்கக்கூடிய குறை இல்லை. ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போட்டால் சரியாகும். அது தனிச் செலவு.

மாட்டும்போது சிடி கிளாம்ப்பில் (ஒவ்வொரு ஃபேஸ் வயரையும் கவ்வி கரண்டை அளப்பது) உள்ள அம்புக்குறி லோடு பக்கம் பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்று திரும்பியிருந்தால் அந்த ஃபேஸ் மைனஸில் போய், மூன்றிலும் லோடு சமமாக இருந்தால் மொத்தம் மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். பார்க்கிறவர் மிச்சம் என்று நினைத்துக்கொள்வார். கிளாம்ப் வாயில் தூசி இருந்தாலும் ரீடிங் குறையும். ஈபி மீட்டரின் சிவப்பு விளக்கோடு ஒப்பிடுங்கள்: ஒரு யூனிட்டுக்கு 3200 முறை மின்னும் மீட்டரில் நிமிடத்துக்கு 160 முறை மின்னினால் லோடு 3 கிலோவாட்.

இனி, இந்த மீட்டரை நான் விரும்பும் இடம்: குளத்து பம்ப். சாண்ட் ஃபில்டர் அடைக்க அடைக்க பம்ப் இழுக்கும் கரண்ட் ஏறாது, இறங்கும். தண்ணீர் குறைவாகத் தள்ளுவதால் மோட்டாருக்கு வேலை குறைகிறது. ஆம்பியரைப் பார்க்காதீர்கள், கிலோவாட்டைப் பாருங்கள். லோடு இறங்கும்போது பவர் ஃபேக்டரும் (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) சேர்ந்து இறங்குவதால் ஆம்பியரில் வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும். மே மாத வெயிலில் கூட்டம் ஏறி, தலை எண்ணெயும் தூசியும் சேரும்போது, கிராஃப்பில் பம்ப் கோடு நாளுக்கு நாள் சரிவது அழகாகத் தெரியும். பேக்வாஷ் (தண்ணீரைத் தலைகீழாக விட்டு ஃபில்டரைக் கழுவுவது) செய்ததும் பழைய இடத்துக்கு ஏறிவிடும். பிரஷர் கேஜ் சுத்த நிலையைவிட அரை பார் கூடினால் பேக்வாஷ் என்பது கணக்கு. கேஜ் முள் துருப்பிடித்து நின்றுபோன இடத்தில் இந்தக் கோடுதான் துணை. விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் குறைக்கும் கருவி) போட்டு 50 ஹெர்ட்ஸை 40 ஆக்கினால் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு குறையும், கரண்ட் செலவு கிட்டத்தட்ட பாதியாகும். அதையும் அன்றைக்கே கண்ணால் பார்க்கலாம்.

கோர்ட் விளக்கு கதை எல்லாருக்கும் தெரிந்தது. 400 வாட் மெட்டல் ஹாலைடு சோக்கோடு சேர்த்து 430 இழுக்கும். அணைத்தால் மறுபடி எரிய 10 நிமிடத்துக்கு மேல் ஆகும், அதனால் பேட்ச் இடைவெளியில் யாரும் அணைப்பதில்லை. எட்டு விளக்கை 150 வாட் எல்இடி ஆக்கினால் ஆறு மணி நேரத்துக்கு 13 யூனிட் மிச்சம்.

ராத்திரி 2 மணி ரீடிங்கைக் கட்டாயம் பாருங்கள். எல்லாம் பூட்டிய பிறகும் அரை கிலோவாட் ஓடினால், எம்சிபியை ஒவ்வொன்றாக இறக்கித் தேடுங்கள். பெரும்பாலும் வாட்டர் கூலர்தான். பத்து மணி நேரத்துக்கு 5 யூனிட், இரண்டு மாத பில்லில் 300 யூனிட். ஒரு டைமர் போதும்.

இத்தனையும் காட்டிக்கொடுத்தது இந்த மீட்டர்தான். இருந்தும் இதே மாடலை வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிஸ்ப்ளே உள்ள சாதாரண மீட்டர் பம்புக்கு ஒன்று, விளக்கு லைனுக்கு ஒன்று போட்டு, திறக்கும்போதும் பூட்டும்போதும் நோட்டில் எழுதுங்கள். வைஃபைதான் வேண்டும் என்றால், கடையில் மீட்டரையும் ரூட்டரையும் ஒரே சுவிட்சில் அணைத்துப் போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் தானாகச் சேர்ந்தால் மட்டும் காசைக் கொடுங்கள்.