12(3) போடுகிற மேஜை: தொழிலாளர் துறையின் சமரசப் பேச்சு எப்படி?

நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் தகராறு வந்தால் தொழிலாளர் துறை நடத்தும் இந்தச் சமரசப் பேச்சுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க முடியாது, சட்டமே தடுக்கிறது (சட்டம் படித்தவர் மனிதவள ஆலோசகர் என்ற பேரில் வந்து உட்காருவது வேறு கதை). மேஜைக்கு ஒரு பக்கம் சங்க நிர்வாகிகள், எதிரே எச்.ஆர்., நடுவில் சமரச அலுவலர். இங்கே நியாயம் கேட்டுப் போகிறவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள், ஏனென்றால் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அந்த அலுவலருக்குக் கிடையாது. காகிதம் வாங்கப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

சமரச அலுவலர் முன்னிலையில் இரு தரப்பும் கையெழுத்திடும் ஒப்பந்தம்தான் அந்தக் காகிதம், பேர் 12(3). 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண் அது. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து எண்ணெல்லாம் மாறிவிட்டது, ஆனாலும் ஆலை வாசலில் இன்னும் "12(3) போட்டாச்சா?" என்றுதான் கேட்கிறார்கள். நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் பேசிக் கையெழுத்துப் போட்டால் அது 18(1). போட்டவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். சமரச நடவடிக்கையின்போது போட்டால் சங்கத்தில் இல்லாதவரையும், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவரையும் சேர்த்துக் கட்டும். 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்ததே, அதில் அக்டோபர் 7 அன்று நிர்வாகம் ஒரு பகுதித் தொழிலாளர்களோடு ஒப்பந்தம் போட்டது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. 15-ஆம் தேதிதான் போராட்டம் முடிந்தது. யாரோடு கையெழுத்துப் போடுகிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

சேவையைப் பெறும் முறை எளிதுதான். கோரிக்கைப் பட்டியலை முதலில் நிர்வாகத்திடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பேச்சு நகரவில்லை என்றால் அதன் நகலோடும் பொதுக்குழுத் தீர்மானத்தோடும் உங்கள் பகுதி சமரச அலுவலரிடம் மனு. ரயில்வே, துறைமுகம், வங்கி என்றால் மத்திய அரசின் அலுவலகம். மற்றபடி பெரும்பாலான தனியார் ஆலைகளுக்கு மாநில அலுவலகம். இடம் மாறிப் போனால் மனு திரும்பி வருவதற்குள் நாள் ஓடிவிடும். வேலைநிறுத்த அறிவிப்பு கொடுத்தால் 14 நாள் காத்திருக்க வேண்டும். 60 நாளைத் தாண்டினால் அறிவிப்பு செல்லாது. பாதிப் பேர் சொல்லிவைத்து ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டாலும் புதிய சட்டத்தில் அது வேலைநிறுத்தம்தான். பழைய பழக்கத்தில் பல கிளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பெரிய ஓட்டை ஒன்று உண்டு. நடவடிக்கை நிலுவையில் இருக்கும்வரை தகராறுக்குரிய வேலை நிபந்தனைகளை நிர்வாகம் பாதகமாக மாற்றக்கூடாது. தகராறோடு தொடர்புள்ள குற்றச்சாட்டில் ஒருவரை வேலையை விட்டு எடுக்க முன்அனுமதி வேண்டும். அருமையான கவசம். ஆனால் பொதுப் பயன்பாட்டுத் தொழில்களுக்கு (ரயில், மின்சாரம், குடிநீர் போன்றவை) பழைய சட்டத்தில் வேலைநிறுத்த அறிவிப்பு அலுவலர் கைக்குப் போன தேதியிலேயே நடவடிக்கை தொடங்கிவிடும். இப்போது முதல் கூட்டம் நடந்த தேதியில்தான். இடைப்பட்ட நாட்களில் மாறுதல் ஆணையும் சஸ்பென்ஷனும் பறக்கும். ஆகவே மனுவிலேயே முதல் கூட்டத்துக்குத் தேதி கேளுங்கள், அடுத்த நாளே நேரில் போய் நினைவூட்டுங்கள்.

கூட்டத்தில் நடப்பது பெரும்பாலும் வாய்தா. "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்" என்று கையெழுத்துப் போட அதிகாரமில்லாத ஒருவரை நிர்வாகம் அனுப்பும். ஆளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் அலுவலருக்கு அதிகாரம் இருக்கிறது. தானாக எடுத்துப் பயன்படுத்துகிறவர் அபூர்வம். எழுத்தில் கேட்டால் குறைந்தபட்சம் கோப்பில் ஏறும். தாவா (தகராறு வழக்கு) தீர்ப்பாயத்துக்குப் போனால் அந்தக் கோப்புதான் பேசும்.

ஒப்பந்த வரைவை நிர்வாகமே டைப் அடித்துக் கொண்டுவரும். சம்பளப் பக்கத்தைப் பத்துப் பேர் படிப்பார்கள், உற்பத்திப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. எட்டு மணி ஷிப்டில் சாப்பாட்டுக்கு 30 நிமிடம், இரண்டு டீக்கு 20 நிமிடம் போனால் மிச்சம் 430 நிமிடம், அதாவது 25,800 நொடி. பீஸுக்கு 50 நொடி என்றால் 516 பீஸ். "சைக்கிள் டைம் 48 நொடியாகச் சீரமைக்கப்படும்" என்று ஒரு வரி நுழைந்தால் 537. இரண்டு நொடி குறைந்ததில் 21 பீஸ் அதிகம், தினமும், மூன்று வருடத்துக்கு. அதே பக்கத்தில் "முழு ஒத்துழைப்பு தருவார்கள்" என்ற வரி இருந்தால், எண்ணிக்கை குறைந்த அன்று அதுவே சார்ஜ் மெமோவின் (குற்றச்சாட்டுக் கடிதத்தின்) முதல் வரியாகும். எந்த மெஷின், எத்தனை ஆள், என்ன வேகம் என்று இணைப்புப் பட்டியலாக எழுதாத உற்பத்திப் பிரிவுக்குச் சம்மதிக்காதீர்கள்.

சம்பளப் பக்கத்திலும் உயர்வு எந்தத் தலைப்பில் விழுகிறது என்று பாருங்கள். அடிப்படைச் சம்பளத்தில் ₹6,000 ஏறினால் 20 வருடம் ஆனவருக்குப் பணிக்கொடையில் மட்டும் சுமார் ₹69,230 கூடும் (6,000 × 15 ÷ 26 × 20). வீட்டு வாடகைப் படியில் போட்டால், சம்பளக் கணக்கில் சேராது என்று சட்டம் விலக்கிய படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்குள் இருக்கும்வரை பணிக்கொடைக்கு ஒரு பைசா சேராது.

பேச்சு முறிந்தால்? இங்கே சேவை முன்பைவிட மேல். முன்பெல்லாம் முறிவறிக்கை (சமரசம் தோற்றது என்று அலுவலர் எழுதும் அறிக்கை) அரசுக்குப் போய், அரசு அனுப்பினால்தான் தாவா தீர்ப்பாயம் ஏறும். இப்போது சங்கமே அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் நேராகத் தீர்ப்பாயம் போகலாம். அறிக்கைக்கு 45 நாள், வேலைநிறுத்த அறிவிப்பு இருந்தால் 14 நாள் என்பது விதி. அது தானாக நடக்கும் என்று காத்திருக்க வேண்டாம், கேட்டு வாங்குங்கள்.

ஐந்துக்கு மூன்று தரலாம். கழித்த இரண்டும் வாய்தாவுக்கும் முதல் கூட்டத் தாமதத்துக்கும். கையெழுத்தான அன்றே சான்றிட்ட நகல் வாங்கிவிடுங்கள். காலம் முடிந்ததும் ஒப்பந்தம் தானாகச் சாகாது. முடித்துக்கொள்கிறோம் என்று எழுத்தில் அறிவிப்பு கொடுத்து 60 நாள் ஆனால்தான் கட்டு விடும். மூன்று வருட ஒப்பந்தம் என்றால் 34-ஆம் மாதத்தைக் காலண்டரில் இன்றே குறித்து வையுங்கள்.