காற்றுக்காகக் குனிந்த வண்டியும் காலி வீதியும்

பெட்ரோல் தாங்கி நீண்டு ஒடுங்கியிருக்க, கைப்பிடிகள் முன்சில்லைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களோடு தாழப் பொருந்தியிருக்க, ரோயல் என்ஃபீல்ட் கொன்டினென்டல் ஜி.டி. 650 வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கை முனையில் நின்றால், மோட்டார் சைக்கிளில் ஆர்வமே இல்லாதவரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அந்த அழகை நான் எவ்வகையிலும் குறைத்துப் பேசப்போவதில்லை. ஆனால் கொழும்பில் குடியிருந்து, தினமும் கொழும்புக்குள்ளேயே வேலைக்குப் போய்வரும் ஒருவர் அதை வாங்கலாமா என்பதை, அதே நிறுவனத்தின் அதே எஞ்சினைச் சுமக்கும் இன்டர்செப்டர் 650, உருவில் சிறிய ட்ரயம்ப் ஸ்பீட் 400 ஆகிய இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி மீண்டும் திறக்க 2025 வரை காத்திருந்த நாட்டில், ஒரு வண்டியை வாங்கிவிட்டுப் பிடிக்கவில்லை என்று அடுத்த வருடமே மாற்றிக்கொள்வது எல்லோருக்கும் இயலாது.

ஜி.டி.யின் தோற்றம் வெறும் அலங்காரமாகப் பிறந்ததல்ல. 1950களிலும் 60களிலும் லண்டனின் நோர்த் சேர்க்குலர் வீதியிலுள்ள ஏஸ் கஃபே போன்ற இடங்களில் கூடிய இளைஞர்கள், தங்கள் வண்டிகளில் தேவையற்ற பாரத்தைக் கழற்றியெறிந்து, கைப்பிடியைத் தாழ்த்தி, கால் மிதியைப் பின்னுக்குத் தள்ளி, மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட முயன்றார்கள். அவர்கள் வீட்டில் செய்ததை ரோயல் என்ஃபீல்ட் 1960களின் நடுவில் தொழிற்சாலையிலேயே செய்து, கொன்டினென்டல் ஜி.டி. 250 என்ற பெயரில் விற்றது. இன்றைய 650 தமிழ்நாட்டில், சென்னைக்கு அருகே தயாராகிறது என்பதை நம்மவர்கள் சற்றுப் பெருமையோடு சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெருமை எனக்கும் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது அந்தக் குனிவின் காரணம். உடலை முன்னுக்குச் சாய்க்கும்போது மேலுடலின் பாரம் மணிக்கட்டுகளில் இறங்குகிறது. வேகம் கூடும்போது எதிர்க்காற்று மார்பைத் தாங்கி அந்தப் பாரத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. அப்போது கைகள் இலேசாகின்றன, வண்டியும் உடலும் ஒன்றாகிவிட்டதைப் போன்ற ஒரு நிலை வருகிறது. காற்று வராவிட்டால் பாரம் மணிக்கட்டிலேயே தங்கிவிடும். நகர்ப்புறத்தில் மணிக்கு 50 கிலோமீற்றரும் அதற்கு வெளியே 70 கிலோமீற்றரும் எல்லையாக உள்ள, அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லாத இந்த நாட்டில், அந்தக் காற்றைச் சட்டப்படி சந்திக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

நண்பர் ஒருவரின் ஜி.டி.யை ஒரு வாரம் கேட்டு வாங்கி, காலையில் வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியாகக் கோட்டைக்கு ஓட்டிப் பார்த்தேன். பம்பலப்பிட்டி வரும்வரை எல்லாம் இன்பமாகவே இருந்தது. கொள்ளுப்பிட்டியை நெருங்கும்போது, பேருந்துக்கும் முச்சக்கர வண்டிக்கும் இடையில் கிளட்சைப் பிடிப்பதும் விடுவதுமாக ஊர்ந்துகொண்டிருந்த என் இடது உள்ளங்கையின் அடிப்பகுதி, பெருவிரலுக்குக் கீழே உள்ள சதைப்பற்று, மரத்துப்போகத் தொடங்கியது. சமிக்ஞை விளக்கு ஒவ்வொன்றிலும் நிமிர்ந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டேன். மூன்றாம் நாள் முழங்கால்களால் தாங்கியை இறுக்கிப் பிடித்து, வயிற்றுத் தசையால் மேலுடலைத் தாங்கும் பழக்கம் வந்தபின் வலி பாதியாகக் குறைந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் வேலை முடிந்து களைத்துத் திரும்பும் மாலையில், இன்னொரு உடற்பயிற்சிக்கு எல்லோருக்கும் மனம் வராது.

இன்டர்செப்டர் இந்தச் சிக்கலை ஒரே மாற்றத்தால் தீர்க்கிறது. அகன்று உயர்ந்த கைப்பிடி, சற்றே முன்னுக்கு வந்த கால் மிதி. மற்றவை ஏறக்குறைய எல்லாம் ஜி.டி.தான். அதே 648 சி.சி. இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், அதே 47 குதிரைவலு, அதே 52 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் 270 பாகையில் அமைந்திருப்பதால் வெடிப்புகள் சம இடைவெளியில் நிகழாமல், கேட்பதற்குக் கனமான ஒரு தாளத்தில் வருகின்றன. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே இழுவை தாராளமாகக் கிடைப்பதால் ஊர்ந்து செல்லும் நெரிசலில் கியரை ஓயாமல் மாற்ற வேண்டியதில்லை. கொழும்புக்கு இதைவிடப் பொருத்தமான எஞ்சின் குணம் வேறில்லை என்பேன். காற்றாலும் எண்ணெயாலும் குளிரூட்டப்படும் எஞ்சின் ஆதலால், நண்பகல் நெரிசலில் கால்களில் சூடு தெரியவே செய்யும். அந்தக் குறையை இரு வண்டிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன.

ஸ்பீட் 400 வேறொரு தர்க்கத்தில் நிற்கிறது. 398 சி.சி. ஒற்றைச் சிலிண்டர், நீரால் குளிரூட்டல், 40 குதிரைவலு, எல்லாவற்றுக்கும் மேலாக 170 கிலோ எடை. 200 கிலோவைத் தாண்டும் என்ஃபீல்ட் இரண்டிலிருந்தும் இறங்கி இதில் ஏறினால், ஒடுங்கிய ஒழுங்கைக்குள் வண்டியைக் காலால் உந்திப் பின்னெடுக்கும்போதே வித்தியாசம் புரிந்துவிடும். பிரேக்கும் திரும்புதலும் இன்றைய காலத்துக்குரியவை. ஆனால் தன் 37.5 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையை முழுமையாகத் தர அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 6,500 சுற்றுகள் சுழல வேண்டும். என்ஃபீல்ட் அதைவிட அதிகமானதை 5,250 ஐ ஒட்டிய சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. தோற்றத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. ஜி.டி.யின் சிலிண்டரைச் சுற்றியுள்ள வரிவரியான தகடுகள் உண்மையாகவே வெப்பத்தைக் காற்றில் விடுகின்றன. நீர்க் குளிரூட்டல் உள்ள வண்டியில் அந்த வேலை ரேடியேட்டருடையது. பழமையின் சாயலைத் தேடுபவருக்கு இது அற்ப விடயமல்ல, எனக்கும் அல்ல.

கொழும்பில் மட்டும் எழும் ஒரு கேள்வியும் இருக்கிறது. மரைன் டிரைவ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கதவுப் பிணைச்சலைத் தின்னும் அந்தக் காற்று குரோமியப் பூச்சையும் கம்பிச் சில்லுகளின் முனைகளையும் விட்டுவைக்காது. வாரம் ஒருமுறை நன்னீரால் கழுவித் துடைத்து, துணியில் சிறிது எண்ணெய் தொட்டு ஒவ்வொரு கம்பியாகத் தடவும் பொறுமை உங்களிடம் இல்லையென்றால், கம்பிச் சில்லுள்ள வடிவத்தைத் தவிர்த்துவிடுங்கள். அந்தச் சில்லுகளில் டியூப் இருப்பதால், மழைநாளில் பஞ்சரானால் ஒட்டுவதற்குச் சில்லையே கழற்ற வேண்டிவரும். 2023 இல் என்ஃபீல்ட் இரண்டுக்கும் டியூப் இல்லாத டயருடன் அலோய் சில்லு கொண்ட வடிவங்களும் வந்தன. அழகில் சற்றுக் குறைவென்றாலும் நான் அதையே தெரிவு செய்வேன். ஸ்பீட் 400 இல் இந்தத் தொல்லை தொடக்கத்திலிருந்தே இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ஜி.டி.யை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. அந்த வாரத்தின் ஞாயிறன்று விடிவதற்கு முன் பேலியகொடையைக் கடந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் வீதியில் போனேன். சிலாபத்துக்கு அப்பால் தென்னந்தோப்புகளுக்கிடையே வீதி நீளும் இடத்தில், எல்லைக்குட்பட்ட வேகத்திலேயே, குனிந்திருந்த உடலின் கீழ் எஞ்சின் ஒரே சீராக உறுமிக்கொண்டிருக்க, வளைவுகளில் பார்வை போன பக்கம் வண்டி தானாகவே சாய்ந்தது. இன்டர்செப்டரில் இதே வீதியைப் பின்னொரு நாள் ஓட்டியபோது வசதி கூடியது. முன்சில்லு கைகளோடு பேசும் அந்த நெருக்கம் குறைந்தது. யாழ்ப்பாணம்வரை போவதென்றால் கணக்கு மறுபடி மாறும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்துக்கு ஜி.டி.யின் 12.5 லீற்றர் தாங்கி வழியில் ஒருமுறை நிரப்பப்பட வேண்டும், பின்னால் மனைவியும் பயணப்பையும் இருந்தால் வவுனியாவுக்கு முன்பே இருவரும் இறங்கி நடக்க விரும்புவீர்கள்.

ஆகவே வீட்டில் ஒரே வண்டிதான் என்றால் இன்டர்செப்டரை எடுங்கள். உயரமும் பலமும் குறைந்தவர்கள், ஒடுங்கிய ஒழுங்கைகளில் குடியிருப்பவர்கள் ஸ்பீட் 400 ஐ எடுங்கள். வேலைக்குப் போக வேறு வழி உள்ளவர், ஞாயிறு விடியலுக்காகவே ஒரு வண்டி வைத்திருக்கக்கூடியவர், ஜி.டி.யை எடுக்கத் தயங்க வேண்டாம். ஜி.டி.யை வாங்கி அதில் உயர்ந்த கைப்பிடியைப் பூட்டிக்கொள்ளலாம் என்று சிலர் திட்டமிடுகிறார்கள். கிளட்ச் கேபிளும் பிரேக் குழாயும் அந்த உயரத்துக்குப் போதுமா என்று முதலில் உங்கள் வண்டியைத் திருத்தும் மெக்கானிக் பாஸிடம் பார்க்கச் சொல்லுங்கள். அவை மாறினாலும் கால் மிதி பின்னாலேயேதான் இருக்கும். கை நிமிர்ந்து கால் மடங்கிய அந்த இருக்கை, ஜி.டி.யுடையதுமல்ல, இன்டர்செப்டருடையதுமல்ல.