வேலை முடிந்து வகுப்புக்கு: பல்கலைக்கழக மாலைப் பொழிவுகளில் சில வருடங்கள்

பல்கலைக்கழகங்கள் பொதுமக்களுக்காக நடத்தும் மாலை நேர இலக்கிய, பண்பாட்டுப் பொழிவுகளுக்குச் சில வருடங்களாகவே போய்க்கொண்டிருக்கிறேன். தேர்வு இல்லை, வருகைப் பதிவு இல்லை, பெரும்பாலும் சான்றிதழும் கிடையாது. மதிப்பெண்ணுக்காக உட்கார்ந்திருப்பவர் யாரும் அரங்கில் இல்லை என்பதே எனக்குப் பெரிய ஈர்ப்பு. ஆனால் எல்லாப் பொழிவும் ஒன்றல்ல. போகலாமா என்று கேட்பவர்களிடம், தலைப்பு எவ்வளவு சின்னது என்று முதலில் பாருங்கள் என்பேன்.

'இருபதாம் நூற்றாண்டு நாவல்: ஒரு பார்வை' என்கிற மாதிரி அறிவிப்பு வந்தால் இப்போதெல்லாம் நான் போவதில்லை. ஏகப்பட்ட பெயர்கள், போக்குகள், இயக்கங்கள். கேட்கும்போது சுவையாகத்தான் இருக்கும். வீடு வந்து சேர்வதற்குள் பாதி மறந்துவிடும். ஒரு கதை, ஒரு கவிதை, ஓர் ஓவியம் என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் பொழிவுகள்தான் தங்குகின்றன.

காஃப்காவின் 'உருமாற்றம்' பற்றிய பொழிவு அப்படி ஒன்று. கிரெகோர் என்பவன் ஒரு காலையில் பூச்சியாக மாறிக் கண்விழிக்கிற கதை அது. பேராசிரியர் வாழ்க்கை வரலாற்றுக்கே போகவில்லை. 1915-இல் வந்த முதல் பதிப்பின் அட்டையைத் திரையில் போட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா நின்றார். பூச்சியைத் தேடினால் அட்டையில் பூச்சியே இல்லை. முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்ட ஒரு மனிதன், பின்னால் பாதி திறந்த கதவு, உள்ளே ஒரே இருட்டு. பூச்சியை வரையவே வேண்டாம், தூரத்தில்கூடக் காட்ட வேண்டாம் என்று காஃப்கா பதிப்பகத்துக்கு எழுதியிருந்தாராம்.

அப்புறம் பேராசிரியர் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டார். கிரெகோரின் அறைக்கு மூன்று கதவுகள். கதை தொடங்கும் காலையில் தலைமாட்டுக் கதவை அம்மா தட்டுகிறாள், பக்கவாட்டில் ஒரு கதவை அப்பா, இன்னொரு பக்கக் கதவைத் தங்கை. மூன்றும் உள்ளே பூட்டியிருக்கின்றன. வியாபார விஷயமாக ஊர் ஊராகத் தங்கிய பழக்கத்தில், சொந்த வீட்டிலும் அவன் பூட்டிக்கொண்டுதான் தூங்குகிறான். அன்று மாலைக்குள்ளேயே சாவிகள் வெளிப்பக்கம் போய்விடுகின்றன. யார் எந்தக் கதவைத் திறக்கிறார்கள், யார் மூடுகிறார்கள் என்பதிலேயே அந்த மாலை முழுவதும் போனது. கதை எனக்குப் பழக்கமானதுதான். ஒரு குடும்பத்தையே கதவுகளை வைத்துப் படிக்கலாம் என்பது புதிது.

அன்றைய கேள்வி நேரமும் அபூர்வமாக நன்றாக இருந்தது. நாவலாசிரியர் நபகோவ், தான் பாடம் நடத்திய பிரதியில் அந்தப் பூச்சியை வரைந்தே வைத்திருந்தாரே, வண்டு என்று வாதாடினாரே என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். பேராசிரியருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மற்ற நாட்களில் இப்படி எதிர்பார்க்க வேண்டாம். "கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று மைக்கை வாங்குபவர் எல்லா அரங்கிலும் ஒருவர் இருக்கிறார். அவர் முடிப்பதற்குள் கடைசிப் பேருந்து போய்விடும்.

இன்னொரு வகையும் எனக்குப் பிடிக்கும்: பேராசிரியர் தாம் இப்போது தேடிக்கொண்டிருப்பதையே பேசுவது. பாரிஸில் 1530-இல் தொடங்கிய கொலேஜ் து பிரான்ஸின் வழக்கம் இதுதான். அங்கே பட்டம் கிடையாது, பதிவு கிடையாது. நடந்துகொண்டிருக்கும் ஆய்வைப் பேராசிரியர் பேச, யார் வேண்டுமானாலும் போய்க் கேட்கலாம். லண்டனின் கிரெஷாம் கல்லூரி 1597 முதல் இலவசப் பொழிவுகள் நடத்திவருகிறது. முடிவு தெரியாத ஆய்வைக் கேட்பதில் ஒரு சுகம் உண்டு. "இது எனக்கே இன்னும் விளங்கவில்லை" என்று மேடையில் ஒருவர் சொல்லும்போது அரங்கு நிமிர்ந்து உட்காரும்.

தொடராக நடப்பதாக இருந்தால் முதல் நாள் கூட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூன்றாவது வாரத்துக்குள் பாதி நாற்காலிகள் காலியாகிவிடும், பேசுபவரும் இயல்பாகிவிடுவார். வாரத்துக்கு ஒரு சிறப்பு விருந்தினர் என்று மாறிக்கொண்டே இருக்கும் தொடரில் இந்த லாபம் இல்லை. ஒவ்வொருவரும் முதலிலிருந்தே தொடங்குவார்கள்.

வாசலில் நகல் தாள் கொடுத்தால் நல்ல அறிகுறி. பேசப்போகும் வரிகள் கையில் இருந்தால் தூக்கம் வராது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு இருட்டிய அரங்கில் ஸ்லைடு பார்ப்பதில் அந்த ஆபத்து நிறைய. அரங்கை மாற்றிவிட்டுக் கதவில் ஒரு தாளை ஒட்டுவதோடு சிலர் நிறுத்திக்கொள்கிறார்கள், அதனால் கிளம்பும் முன் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. தேர்வுக் காலத்தில் தொடர் நின்றுபோவதும் உண்டு.

பதிவு செய்து இணையத்தில் போடுகிறார்களே, எதற்கு நேரில் போக வேண்டும் என்று கேட்கலாம். சரிதான், கிரெஷாம் பொழிவுகளை நான் அப்படித்தான் கேட்கிறேன். ஆனால் பொழிவு முடிந்து மேசையைச் சுற்றி நாலைந்து பேர் நிற்பார்கள். மேடையில் சொல்லத் தயங்கியதைப் பேராசிரியர் அங்கேதான் சொல்வார், அடுத்து எதைப் படிக்கலாம் என்பதும் அங்கேதான் கிடைக்கும். அந்தப் பத்து நிமிடம் எந்தப் பதிவிலும் வருவதில்லை.